குளியலறையில் மாட்டிய குடை

பங்காளி,

குடையைத் துடைத்துக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேற்று தீபாவளி. வீடெல்லாம் முறுக்கு வாசனை. அதையும் மீறி என் விரலில் சிவப்புச் சோப்பு வாசனை அடிக்கிறது. குடைத் துணியிலிருந்து ஒட்டிக்கொண்டது. உன் சோப்புதான். கிரேன் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும் என்று மருந்துக்கடை மாதிரி நாறுகிற அந்தச் சோப்பைத் தேய்த்து நீ மேல்வீட்டில் குளிப்பாய். அது தரை வழியே இறங்கி, கீழ்வீட்டில் என் குடைமேல் விழும். நீ செத்து மூன்று வருஷமாகிவிட்டது. துணி இன்னும் அந்த வாசனையை விடவில்லை. நானும் துவைக்கவில்லை. பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. சாட்சியை யாராவது துவைப்பார்களா?

புக்கிட் மேராவில் நம் புளோக்குக்கு இரண்டு குடும்பமும் ஒரே மாதத்தில் குடிவந்தோம். நான் மூன்றாம் மாடி, நீ நாலாம் மாடி. என் குளியலறைக்கு நேர் மேலே உன் குளியலறை. முன்பே தெரிந்திருந்தால் உனக்கு மேலே ஒரு வீடு கேட்டு வாங்கியிருப்பேன். கேட்டால் கொடுத்திருப்பார்கள். வீடு ஒதுக்குகிற அந்த அலுவலகத்தில் என் தலையைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். நீ இதை நம்பமாட்டாய். நான் சொன்ன எதை நீ நம்பினாய்?

குடிவந்த அடுத்த வருஷமே உனக்குக் கை அரித்தது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கும்போது உடைந்துபோன ஒரு பெட்டி டைலை, வேண்டாமென்று ஒதுக்கியதை, கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாய். உன் குளியலறைத் தரையில் நீயே பதித்தாய். பழைய தரையைக் கொத்தி எடுக்கச் சோம்பல். அதன்மேலேயே சிமென்டைக் கொட்டி, அதன்மேல் நீல டைல், நட்டநடுவில் வெள்ளைத் துண்டுகளால் ஒரு நங்கூரம். முடித்த கையோடு புளோக் முழுக்க ஆள் அனுப்பிக் கூப்பிட்டாய். ஒரு கக்கூஸைப் பார்க்க ஜனம் படிக்கட்டு வரை வரிசையில் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இத்தாலி டைலுலா, பங்காளி. என் பேரன் காலத்துலயும் ஒரு சொட்டு இறங்காது," என்றாய், பேச்சுக்குப் பேச்சு நீ ஒட்டுகிற அந்த 'லா'வோடு.

"தரைமேல தரை போட்டிருக்க. நடுவுல தண்ணி தங்கும், பாத்துக்க," என்றேன்.

"நீ நாலாம் வகுப்பு, நான் அஞ்சாம் வகுப்பு. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இந்த வருஷம் திரும்ப வாங்கினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் குளியலறைக் கூரையில் தோசை அளவுக்கு ஒரு ஈர வட்டம் வந்தது. சீனப் புத்தாண்டுக்குள் அது ஜொகூரையும் பினாங்கையும் தாண்டி ஒரு முழு மலேசியா வரைபடமாகிவிட்டது. அப்புறம் சொட்டு. நான் மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்பாய். குறைத்துத்தான் சொல்கிறேன். குற்றாலத்தை நான் பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்தச் சொட்டு கணக்காகக் கக்கூஸ் குழிக்கு மேலே வந்து விழும். குந்தி உட்கார்ந்தால் உச்சந்தலையில். அதனால் குடையை வாங்கி உள்ளே மாட்டினேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் செம்பு. எந்தச் சர்க்கஸ்காரனும் அந்த வித்தையைச் செய்திருக்க மாட்டான்.

உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது நான் செய்த தப்பு. நீ கூரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குடையைத்தான் பார்த்தாய்.

"கூரை வேர்க்குதுலா. சிங்கப்பூர் வெயிலுக்கு மனுஷனே வேர்க்கிறான், கூரை வேர்க்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு நேராகக் கோப்பிக் கடைக்குப் போனாய். அன்று சாயங்காலத்துக்குள் எனக்குப் பெயர் வைத்துவிட்டாய். குடை. தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வெட்டுகிறவன் கத்தியைத் தூக்கிக்கொண்டு, "குடையண்ணே, எலும்போட போடவா?" என்று கேட்டான். அவன் முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததுகூட இல்லை. அதுவரை என் பெயரை யார் எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? மரியாதையாக, அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். என் மூத்தவளின் தலைதீபாவளியை மன்னிக்க முடியாது.

புது மாப்பிள்ளை விடியற்காலையில் எண்ணெய் வைத்துக் குளித்து, மஞ்சள் தடவிய புதுச் சட்டை போட்டு வெளியே வரவேண்டும். புது மாப்பிள்ளையிடம் குடையை நீட்டி, இந்தாருங்கள், பிடித்துக்கொண்டு குளியுங்கள் என்று எப்படிச் சொல்வது? அதனால் குடையை எடுத்து ஒளித்துவைத்தேன். முதல் நாள் உன் வீட்டுப் படியேறி வந்து கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா? நான் உன்னிடம் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒன்றுதான்.

"நாளைக்கு மட்டும் விடியற வரைக்கும் குளிக்காத, பங்காளி. மாப்பிள்ளை குளிச்சு வெளிய வந்ததும் தட்டுறேன். அப்புறம் நாள் பூரா குளி."

"உனக்குத் தீபாவளி, எனக்கு லீவு. மாதா மேல சத்தியமா சொல்றேன், விடியற வரைக்கும் தண்ணிய தொடமாட்டேன்," என்று சுவரிலிருந்த மாதா படத்தைத் தொட்டுச் சொன்னாய். நீ கோயிலில் பாட்டுப் பாடுகிறவன். நம்பினேன்.

மாப்பிள்ளை குளித்துத் தலை துவட்டிப் புதுச் சட்டையை மாட்டுகிற நேரத்தில் மேலே குழாய் திறந்தது. பாட்டும் தொடங்கியது. பாட்டென்றால் முணுமுணுப்பு இல்லை, அடுத்த புளோக்கில் குழந்தை எழுந்து அழுத பாட்டு. மாப்பிள்ளை வெளியே வந்தார். பால் மாதிரி இருந்த சட்டையின் தோளில் நுரையோடு ஒரு ஈரம். ஹாலெல்லாம் சிவப்புச் சோப்பு வாசனை. நான் படியேறி வந்து கதவைத் தட்டினேன். இடுப்பில் துண்டோடு வந்து நின்றாய்.

"கப்பலு வந்துருச்சுலா. ஓவர்டைம்னு போன் வந்துச்சு. குளிக்காம கிரேன் ஏறுனதே கிடையாது நான். உனக்குத் தெரியும்ல?"

சம்பந்தியம்மாள் சொன்னதை நீ கேட்கவில்லை. நான் கேட்டேன். "ஊரான் குளிச்ச தண்ணியிலயா எம்புள்ளைக்குத் தலைதீபாவளி நடத்துனீங்க?" அன்றிலிருந்து மூத்த மாப்பிள்ளை என் வீட்டில் சாப்பிடுவார், சிரிப்பார், படுத்துக்கூடத் தூங்குவார். குளிக்கமாட்டார். தீபாவளிக்குத் தன் வீட்டிலேயே குளித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார். அவரோடுதானே என் மகளும் வரவேண்டும்? ஒவ்வொரு தீபாவளி விடியலிலும் என் வீட்டுக்காரி எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு சின்னவளுக்கு மட்டும் தலையில் வைத்துவிட்டு, மிச்ச எண்ணெயை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பாள். பெயர் வைத்ததை விடு. அந்த மிச்ச எண்ணெய்க்காகத்தான் உன்னை நான் விடவில்லை.

அந்தக் கோபத்தில்தான் சோதனை வைத்தேன். மேலே உன் தண்ணீர்க் குழியைத் துணியால் அடைத்து, துணிக்குப் போடுகிற நீலப்பொடியைக் கலந்து தரையில் தண்ணீர் கட்டவேண்டும். கீழே நீலம் சொட்டினால் நீ தரையை உடைக்கவேண்டும். சொட்டாவிட்டால் நான் எல்லோருக்கும் தேத்தண்ணீர் வாங்கித் தரவேண்டும். இந்த யோசனை என்னுடையது. பிற்பாடு ஓர் எஞ்சினியரிடம் சொன்னேன், அவர் வாயைப் பிளந்துவிட்டார். நீ ஒரு வாளி நிறைய நீலத் தண்ணீரை ஜன்னல் வழியே எல்லோருக்கும் காட்டினாய். "ஊத்துறேன், பாத்துக்கங்க," என்று கத்தினாய். கீழே என் குளியலறையில் பத்துப் பேர் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றோம். சொட்டியது. நல்லாத்தான் சொட்டியது. ஆனால் வெள்ளை.

நீ இறங்கி வந்து விரலில் ஒரு சொட்டை ஏந்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய்.

"என் தண்ணி நீலம். இது வெள்ளை. யாரு வீட்டுத் தண்ணியோ, நல்லா விசாரிச்சுப் பாரு, குடை."

சாயங்காலம் கண்ணைக் கூசுகிற வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோப்பிக் கடைக்கு வந்தாய். என் செலவில் இரண்டு கோப்பை குடித்தாய். அந்தச் சட்டையை நான் மறக்கவில்லை. ஏன் அவ்வளவு வெள்ளை என்று மட்டும் அன்றைக்கு யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது தினமும் வந்தேன். உன் மனைவி எனக்கு நல்ல மனசு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எதற்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும். மூச்சு வாங்குகிறபோதாவது ஒருநாள், ஆமாம் பங்காளி, என் தரைதான் ஒழுகியது என்று சொல்லமாட்டாயா என்று காதை உன் வாயருகே வைத்துக் காத்திருந்தேன். கடைசியாக நீ பேசினது என்ன? "வெளிய மழைலா. குடை கொண்டாந்தியா?" சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் போய்விட்டாய். இருக்கிற ஏமாற்றிலெல்லாம் பெரிய ஏமாற்று அதுதான்.

சுவா சூ காங் கல்லறையில் உன்னைக் குழிக்குள் இறக்குகிற நேரத்தில் உண்மையாகவே மழை கொட்டியது. பாதிரியார் தலைக்கு ஒருவர் குடை பிடித்தார், உன் மனைவி தலைக்கு ஒருவர். உன் பெட்டி நனைந்துகொண்டிருந்தது. என் கையிலிருந்த குளியலறைக் குடையை உன் பெட்டிமேல் பிடித்தேன். அன்பினால் என்று ஊர் பேசியது. பேசட்டும். தலைமேல் தண்ணீர் விழுந்தால் குடை எதற்கு உதவும் என்று உனக்குக் காட்டத்தான் பிடித்தேன்.

இந்த வருஷம் சின்னவளுக்குக் கல்யாணம் ஆனது. அவளுடைய தலைதீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மூத்தவள் போனில் சொன்னாள்: "அப்பா, இவரு சொல்றாரு, தங்கச்சி மாப்பிள்ளையாவது நல்ல தண்ணியில குளிக்கட்டுமாம். அங்க ஒரு சொட்டு விழாதுன்னா இவரும் விடியறதுக்கு முன்னயே வந்து குளிக்கிறாராம். உங்களால முடியுமான்னு கேக்குறாரு." குத்தல்தான். ஆனால் அதற்குள்ளே ஒரு கதவும் திறந்திருந்தது. என் வீட்டுக்காரி ரிசீவரிலிருந்து காதை எடுக்கவே இல்லை.

குளியலறையை இடித்துப் புதுசாகக் கட்டுவது என்று அன்றே முடிவெடுத்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம் நானே வரைபடம் போட்டேன். எதை எங்கே வைப்பது என்று எனக்குக் குழப்பமே வரவில்லை. நீ என்ன சொல்லியிருப்பாய் என்று யோசிப்பேன், அதற்கு நேர்மாறாக எழுதுவேன். உட்காருகிற கக்கூஸ் வெள்ளைக்காரனுக்குத்தான் என்பாய். ஜாலான் புசாரில் இருக்கிற கடையெல்லாம் ஏறி, இருந்ததிலேயே பெரிய உட்காருகிற கக்கூஸாகப் பார்த்து வாங்கினேன். கடைக்கார முதலாளி நான் டைலைத் தட்டிப் பார்த்த விதத்தைக் கண்டு எழுந்து நின்று, நீங்கள் எந்தக் கம்பெனி எஞ்சினியர் என்று கேட்டான். சுடுதண்ணீர் நோயாளிக்கு என்பாய். சுவரில் சுடுதண்ணீர்ப் பெட்டி மாட்ட இடம் குறித்தேன். நீல டைலே கூடாது என்று வெளிர் மஞ்சள் எடுத்தேன். உனக்கு மஞ்சள் பிடிக்காது. உன் மகள் கல்யாணத்தில் நான் மஞ்சள் சட்டை போட்டு வந்தபோது, மாம்பழம் நடந்து வருகிறது என்றாய் அல்லவா? இருக்கட்டும்.

கான்ட்ராக்டர் ஆ ஹோக் வந்து கதவுக்குப் பின்னால் இருந்த குடையை எடுத்தான். வீட்டுக்குள் மழை பெய்யுமா என்று மலாயில் கேட்டான். நான் கூரையைக் காட்டினேன். ஏணி போட்டு ஏறித் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, என் வரைபடத்தை மடித்து என் கையிலேயே கொடுத்து, அதே மலாயில் சொன்னான். "அங்கிள், கீழ நூறு தடவ பூசுங்க. மேல உடைக்காட்டி சொட்டத்தான் செய்யும்."

இத்தனை வருஷம் நான் சொன்னதை ஒரு சீனக்காரன் ஒரே தட்டில் சொல்லிவிட்டான். சந்தோஷமாக உன் வீட்டுக்கு ஏறினேன். கதவைத் திறந்த உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குளியலறை வாசலில் போய் நின்றாள். ஈரமில்லாமல் துடைத்து வைத்திருந்தாள். நங்கூரம் பளபளவென்று இருந்தது.

"அவரு கையால பதிச்ச தரைண்ணே. வீட்டுல அவரு செஞ்சதுன்னு இது ஒண்ணுதான் இருக்கு. வேற ஏதாச்சும் வழி இருக்கான்னு பாருங்களேன்."

"இருந்தா நான் ஏன் தங்கச்சி இங்க வந்து நிக்கிறேன்? எம்மக தீபாவளிக்குக் காலையில வந்து எத்தனை வருஷமாச்சு, உனக்கே தெரியும்."

அவள் உட்கார்ந்தாள். எழுந்தாள். எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். கோவப்படக் கூடாது. அன்னிக்கு அவரு தரையில ஊத்தினது வெறும் பச்சத்தண்ணி. நீலத்த வாளியோட வெச்சிக்கிட்டாரு."

"அந்த நீலத் தண்ணிய என்ன பண்ணான்?"

"அதுல அவரு வெள்ளச் சட்டைய முக்கி எடுத்தாரு. சாயங்காலம் போடணும்னு சொல்லி ஃபேனுக்குக் கீழ காய வெச்சாரு."

பங்காளி, அந்த நிமிஷம் நீ உயிரோடு இருந்திருந்தால் நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன். தேத்தண்ணீர்க் கோப்பையை நான் தள்ளிவைத்த வேகத்தைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள். பிறகு அவளே ஒரு முடிவு சொன்னாள். நீ கட்டிக்கொண்ட பெண் உன்னைவிட நேர்மையானவள்.

"இப்ப நானே ஊத்துறேன், நீலம் கலந்து. நீங்க கீழ போய்ப் பாருங்க. இறங்குச்சுன்னா உடைங்க, நான் குறுக்க நிக்கல. இறங்கலன்னா இத்தோட விட்டுருங்கண்ணே."

கீழே வந்து உள்ளங்கையை விரித்துக் கூரைக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றேன். கை மரத்துப்போனது. என் வீட்டுக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். வழக்கமாக என் காரியத்தில் எதையாவது நொட்டை சொல்வாள். அன்றைக்கு அவளும் கூரையை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கும் அந்தச் சொட்டில்தான் மகள் இருந்தாள். நீலம் இறங்காவிட்டால் அடுத்த தீபாவளிக்கும் மிச்ச எண்ணெய்தான்.

முதல் சொட்டு விழுந்தது. கண்ணாடி போடாமலே தெரிந்தது. நீலம், நம் பள்ளிக்கூட மைக்கூட்டு நீலம்.

லிஃப்ட் நம் மாடிகளில் நிற்காது. நான் படியேறிய வேகத்துக்கு லிஃப்ட் என்னோடு போட்டி போட்டிருக்க முடியாது. உன் வீட்டுக்குள் நுழைந்து நேராக உன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். இயேசு படத்துக்குப் பக்கத்தில் நீ. அதே வெள்ளைச் சட்டை. அதே சிரிப்பு. உள்ளங்கையை உன் மூக்குக்கு நேரே விரித்துக் காட்டினேன்.

"பாருடா," என்றேன். "நல்லாப் பாரு. யாரு வீட்டுத் தண்ணின்னு இப்ப சொல்லு."

நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஈரத்தை விரலால் தொட்டு, கண்ணாடிமேல் உன் நெற்றியில் ஒரு நீலப் பொட்டு வைத்தேன்.

"அண்ணே, பக்கத்துல ஏசு பாக்குறாரு," என்றாள் உன் மனைவி.

"பாக்கட்டும் தங்கச்சி. இவன் பொய்ச் சத்தியம் பண்ணது அவரோட அம்மா மேல."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளாக்கும் என்று பார்த்தேன். சிரித்தாள். நீ போனபிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்து நான் கேட்கவில்லை. அந்தப் பொட்டை அவள் இன்னும் துடைக்கவில்லை. போன வாரம்கூடப் பார்த்தேன், காய்ந்து கெட்டியாக இருக்கிறது.

தரையை உடைத்த நாளில் முதல் அடி என்னுடையது. சுத்தியலை ஆ ஹோக்கிடமிருந்து வாங்கி, நங்கூரத்தை விட்டுத் தள்ளி ஓங்கி ஒன்று போட்டேன். புளோக் குலுங்கியது. கீழ்த்தளத்துக் கடைக்காரன் பக்கத்தில் புதுக் கட்டடத்துக்குத் தூண் இறக்குகிறார்கள் என்று நினைத்து வெளியே ஓடி வந்தானாம். டைலைப் பெயர்த்ததும் அடியில் கறுப்புச் சகதி. இரண்டு தரைக்கும் நடுவே நீ ஒரு கிணறே வெட்டி வைத்திருந்தாய். மீன் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். நான் அன்றைக்குச் சொன்னது சொன்னபடி, நடுவில் தண்ணீர் தங்கியிருந்தது.

"பாத்தியா, பாத்தியா?" என்று திரும்பினேன். பின்னால் ஆ ஹோக் மட்டும் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஜெயித்ததை யாரிடம் சொல்வது? கோப்பிக் கடைக்குப் போய்ச் சொன்னேன். அன்று கழுத்தை நிமிர்த்தி நின்ற பத்துப் பேரில் பாதிப் பேர் வேறு பேட்டைக்கு வீடு மாறிப் போய்விட்டார்கள். இருக்கிறவர்கள், "விடுங்க குடையண்ணே, போனவனப் பத்தி என்ன பேச்சு?" என்றார்கள். அதிலும் நீ என்னை முந்திக்கொண்டாய். செத்தவனைத் திட்டினால் திட்டுகிறவன்தான் கெட்டவன் ஆகிறான்.

நங்கூரத்தை மட்டும் முழுசாக எடுத்துத் தரச் சொல்லி உன் மனைவி கேட்டாள். ஆ ஹோக் உளியை வைத்துப் பக்குவமாகத்தான் எடுத்தான். தண்டும் ஒரு கொக்கியும் முழுசாக வந்தன. அதை அவள் தன் புதுத் தரையில் சுவரோரமாகப் பதித்துக்கொண்டாள். இந்தத் தடவை அடியில் தார் பூசி, தண்ணீர் கட்டி, நானே கிட்ட நின்று பார்த்து. இன்னொரு கொக்கி உடைந்துவிட்டது. அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் குளியலறையில், உன் தண்ணீர் அத்தனை வருஷம் ஒழுகிய கூரைக்கு நேர் கீழே, என் மஞ்சள் டைலுக்கு நடுவில் பதித்திருக்கிறேன். தினமும் காலையில் அதன்மேல் ஏறி நின்றுதான் குளிக்கிறேன். நீ என் தலைமேல் சொட்டினாய், நான் உன்னை மிதிக்கிறேன். வழுக்கவும் இல்லை. நல்ல டைல்தான். இத்தாலியோ என்னவோ.

நேற்று விடியுமுன் கதவு தட்டப்பட்டது. மூத்தவள் புடவைப் பையோடு நின்றாள், பின்னால் மாப்பிள்ளை. சின்ன மாப்பிள்ளை அதற்குள் குளித்து முடித்து, நனையாத சட்டையோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் அவருடைய தோளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மணையில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரி அவர் தலையிலும் மூத்தவள் தலையிலும் எண்ணெய் வைத்தாள். கிண்ணம் காலியானது. காலிக் கிண்ணத்தை அவள் உடனே கழுவப் போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மாப்பிள்ளை உள்ளே போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மேலே ஒரு சத்தமும் இல்லை. குழாய் திறக்கவில்லை, பாட்டு இல்லை. உன் மனைவி விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அவளிடம் நான் அதைக் கேட்கவே இல்லை. அடுப்படியில் மூத்தவள் அம்மாவிடம் எதற்கோ சிரித்தாள். அந்த நேரத்தில் அவள் சிரிப்பை இந்த வீடு கேட்டு எவ்வளவு காலமாயிற்று. அந்தக் காலத்தையெல்லாம் தின்றவன் நீ. அதற்கு நான் உன்னை விடமாட்டேன், சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை வெளியே வந்தார். இரண்டு தோளும் காய்ந்திருந்தன. தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"மாமா, எல்லாத்தையும் புதுசா மாத்திட்டீங்க. அந்தப் பழைய குடை மட்டும் எதுக்கு இன்னும் உள்ள தொங்குது? அதான் இப்ப ஒழுகலையே. அவரும் இல்ல."

"மாப்பிள்ளை," என்றேன், "குளிக்கமாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிட்டுக் குளிச்சவன் அவன். செத்துட்டான்னு சொன்னா மட்டும் நம்பிடறதா?"